வேலூர்ல டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கப் போறவங்களுக்கு, நான் போன கலெக்‌ஷன் சென்டர் பத்தி

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கற ஒரு சென்டர், பேர் போட விரும்பல. டெஸ்ட் கரெக்டா பண்ணாங்க, ரிசல்ட் குடுத்த விதம்தான் ரொம்ப மோசம், அதனால 5க்கு 2.5.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, ரத்ததான கேம்ப்ல என் குரூப் பி பாசிட்டிவ்னு சொன்னாங்க, ஆனா அப்பா அம்மா ரெண்டு பேருமே ஓ. பாம்பே குரூப் மாதிரி அபூர்வமான கேஸ தவிர ரெண்டு ஓவுக்கு பி புள்ள பொறக்காது. அப்ப என்னை தத்து எடுத்தீங்களான்னு வீட்ல கேட்டுட்டேன், அம்மா அழுதாங்களே தவிர வாயே திறக்கல, அப்பாதான் "வா கண்ணு, மூணு பேருமா போய் குடுத்துட்டு வந்துடலாம்"னாரு.

சாம்பிள் எடுத்த பொண்ணு அவ்ளோ தன்மையா நடந்துக்கிட்டாங்க. ஊசி எல்லாம் கிடையாது, வாய கொப்பளிக்க வச்சு கன்னத்து உள்பக்கமா பஞ்சு குச்சியால தேய்ச்சு, கவர்ல எங்க கண்ணு முன்னாடியே பேர் எழுதி ஒட்டினாங்க. கையெழுத்து போடும்போது அப்பாவுக்கு கை நடுங்குச்சு, அவர அவசரப்படுத்தாம ஃபாரத்த புடிச்சிக்கிட்டு நின்னாங்க. அந்த பொண்ணுக்கு மட்டும் 5க்கு 5.

ஆனா ரிப்போர்ட் வந்தது வாட்ஸ்அப்ல, வெறும் பிடிஎஃப், காட்பாடி பாலத்துல டிராஃபிக்ல நிக்கறப்போ. அம்மா மேட்ச், அப்பா 0%. போன் பண்ணா "எல்லாம் ரிப்போர்ட்லயே இருக்கு சார்"னு வச்சுட்டாங்க. டேபிள் முழுக்க நம்பர்தான், ஒவ்வொரு வரிசையும் டிஎன்ஏல ஒரு இடம், அதுல ஒரு நம்பர் அம்மாகிட்ட இருந்தும் இன்னொண்ணு அப்பாகிட்ட இருந்தும் வரும். ஒரு வரிசைல எனக்கு 10, 13, அம்மாவுக்கு 13, 14, அப்பாவுக்கு 12, 15. அதாவது 13 அம்மாகிட்ட இருந்து வந்துச்சு, மிச்சம் 10 அப்பாகிட்ட இருந்து வரணும், அவர்கிட்ட அது இல்ல. ஒண்ணு ரெண்டு வரிசை ஒத்துப்போகலன்னா பரவால்ல, டிஎன்ஏ தானாவே மாறியிருக்கலாம், எனக்கு நிறைய வரிசைல அப்படித்தான். தத்துன்னா அம்மாவும் மேட்ச் ஆகியிருக்க மாட்டாங்க. இத சொல்ல அந்த சென்டர்ல ஒரு ஆள் இல்ல.

இதுதான் எனக்கு கோவமே. இந்த பேப்பர மட்டும் பாத்தா யாருக்கும் முதல்ல அம்மா மேலதான் சந்தேகம் வரும், எத்தன குடும்பம் இதுல உடைஞ்சிருக்குமோ. அன்னைக்கு ராத்திரி அம்மாவே சொன்னாங்க, குழந்தை இல்லன்னு மெட்ராஸ்ல ட்ரீட்மென்ட் எடுத்தாங்களாம், விந்தணு டோனர் வச்சு பண்ணது, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு டாக்டரே சொல்லி அனுப்பினாராம், அப்பா முழு சம்மதத்தோடதான் நடந்திருக்கு. டெஸ்ட்டுக்கு கூட வந்த அன்னைக்கே அவருக்கு ரிசல்ட் என்னன்னு தெரியும், தெரிஞ்சேதான் வந்தாரு. அவர்தான் என் அப்பா.

ஒரு டோனரோட விந்தணுவ ஒரு தம்பதிக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு 2021 ஏஆர்டி சட்டத்துலதான் (குழந்தைப்பேறு ட்ரீட்மென்ட்டுக்கான சட்டம்) வந்துச்சு, நான் பொறந்த 90கள்ல அப்படி எதுவும் இல்ல, அதனால எனக்கு கூடப்பொறந்தவங்க எங்கயாவது இருக்கலாம். தத்துன்னு தெரிய வந்தவங்களுக்கு வேற வழி இருக்கு, 18 வயசு முடிஞ்சிருந்தா காரா (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) மூலமா வேர்த் தேடலுக்கு, அதாவது பெத்தவங்க யாருன்னு தேடறதுக்கு, நீங்களே அப்ளை பண்ணலாம்.

போறவங்க முடிஞ்சா அம்மா சாம்பிளும் சேத்து குடுங்க, அப்பாவோடது மட்டும் குடுத்தா பாதி கதைதான் தெரியும். ரிப்போர்ட்ட போன்ல அனுப்பாதீங்க, நேர்ல வந்து வாங்கிக்கறேன், விளக்கறதுக்கு ஒருத்தர் இருக்கணும்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.