பெட்டிக்குள்ளேயே 24 சொற்கள் வந்தால் அந்த வாலட்டைத் தொடாதீர்கள் – 0.418 பிட்காயின் போனவன் எழுதுகிறேன்

நேற்று முன்தினம் விடியற்காலை 2.47-க்கு என் ஹார்டுவேர் வாலட்டிலிருந்து (பிட்காயினின் ரகசியச் சாவியைக் காக்கும் சின்னக் கருவி) 0.418 பிட்காயின் போய்விட்டது. முழுசாக. ஒரு சதோஷி, அதாவது பிட்காயினின் மிகச் சிறிய துண்டுகூட, மிச்சம் வைக்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வாலட் மேஜை இழுப்பறையில், கேபிள்கூடச் சொருகாமல், அதன் பெட்டிக்குள் கிடந்தது. பின் நம்பர் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அப்படியும் போயிற்று. எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். கடைசியில், புதிதாக வாலட் வாங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகவும் எழுதுகிறேன். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடமாக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது அது. எல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்காயின் வாங்கி விற்கும் தளத்தில், கிடந்தது. 2014-ல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்த கதையும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலான கதையும் படித்துப் படித்து, சாவி நம் கையில் இல்லையென்றால் காசும் நம்முடையது இல்லை என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ஒரு வாலட் வாங்கிவிடலாம் என்று முடிவுசெய்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று. எக்ஸ்சேஞ்சிலேயே விட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருக்கும்.

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எல்லாப் பொருளும் விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் அதே மாடல், விலையும் கொஞ்சம் குறைவு, இரண்டே நாளில் கையில் கிடைக்கும் என்று போட்டிருந்தது. பெயர் சொல்லவில்லை. விற்றது அந்தத் தளம் இல்லை, அதில் கடை போட்டிருந்த மூன்றாம் ஆள். 4.8 நட்சத்திரம், நூற்றுக்கணக்கில் ரிவியூ. வாங்கினவர்கள் எல்லோரும் "பேக்கிங் அருமை" என்று எழுதியிருந்தார்கள். இப்போது யோசித்தால், வாலட்டுக்கு யார் பேக்கிங்கைப் பற்றி எழுதுவார்கள்?

பேக்கிங் உண்மையிலேயே அருமைதான். பிளாஸ்டிக் உறை சுருக்கமில்லாமல் இருந்தது, மூடியில் பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர். உள்ளே கருவி, கேபிள், ஒரு சின்னக் கையேடு, அப்புறம் ஒரு தடித்த அட்டை. அட்டையின் நடுவில் வெள்ளிப் பட்டை, ரீசார்ஜ் கார்டில் இருக்குமே, அதே மாதிரி. நகத்தால் சுரண்டினேன். மேஜையெல்லாம் வெள்ளித் தூள். அடியில் 1 முதல் 24 வரை எண் போட்டு 24 ஆங்கிலச் சொற்கள். முதல் சொல் ஆர்பிட், அடுத்தது வெல்வெட். ஒன்பதாவது டார்ட்டாய்ஸ், அதாவது ஆமை. ஆமை புகுந்த வீடு என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

கையேடு இப்படிச் சொன்னது: உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கருவி தொழிற்சாலையிலேயே ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது, மீட்டெடு என்பதைத் தேர்ந்து, அட்டையில் உள்ள சொற்களை உள்ளிடவும், அட்டையை யாருக்கும் காட்டாதீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை விழத்தட்டியது. திருடனே "பத்திரம்" என்று சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

எனக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், முழு முட்டாள் என்று நினைக்க வேண்டாம். தளத்தின் சாட்டிலேயே விற்றவரிடம் கேட்டேன்: "சொற்களைக் கருவியே காட்டும் என்று படித்தேனே, இதில் ஏன் அட்டையில் வருகிறது?" நான்கே நிமிடத்தில் பதில்.

"நல்ல கேள்வி சார். அது பழைய மாடல். புதுசுல ஃபேக்டரியிலேயே ஜெனரேட் பண்ணிடுவாங்க. சுரண்டாத கார்டுன்னா உங்களைத் தவிர யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். நீங்கதான் சார் முதல் ஆள்."

நல்ல கேள்வி சார். அந்த ஒரு வார்த்தையில் என் சந்தேகத்தையே எனக்குப் பெருமையாக மாற்றிவிட்டான். நன்றி சொல்லி, ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் சரியான வேலைகள். அதுதான் வயிற்றெரிச்சல். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே ஆப்பை இறக்கினேன். கருவி அசலா என்று ஆப் சோதித்துப் பார்த்து, அசல்தான் என்று பச்சை டிக் போட்டது. அது பொய்யும் இல்லை, கருவி அசல்தான். ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தேன். எட்டு இலக்கத்தில் பின் வைத்தேன். பிட்காயின் வந்துசேரும் முகவரியை ஒவ்வொரு முறையும் கருவியின் திரையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். முதலில் 0.003 மட்டும் அனுப்பி, வாலட்டை முழுக்க அழித்து, அதே 24 சொற்களைப் போட்டு மீட்டுப் பார்த்தேன். காசு திரும்ப வந்தது. ஆகா, பேக்கப் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வேலை செய்யாமல் என்ன? சொற்கள் சரியானவைதான். அவை யாருடைய சொற்கள் என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. தாள் கிழியும், நனையும் என்று ஒரு எஃகுத் தகடு வாங்கி, எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்தச் சொற்களைப் பொறித்தேன். இந்தச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒரே மாதிரி வரும் இரண்டு சொல் கிடையாது என்பதால் சொல்லுக்கு நான்கு எழுத்து போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போயிற்று. திருடனுடைய சாவியை, தீப்பிடித்தாலும் அழியக் கூடாது என்று, நானே எஃகில் அடித்து வைத்திருக்கிறேன்.

மொத்தம் இருபத்தாறு நாள். சில்லறை வந்தபோது அவன் தொடவில்லை. 0.1 வந்தபோதும் தொடவில்லை. எக்ஸ்சேஞ்சில் மிச்சமிருந்ததை எல்லாம் துடைத்து அனுப்பி, மொத்தம் 0.418 ஆன நான்காம் நாள் ஒரே டிரான்ஸாக்ஷனில் வழித்துக்கொண்டு போனான். கட்டணத்தையும் தாராளமாக வைத்து, அடுத்த பிளாக்கிலேயே, அதாவது பிட்காயின் பதிவேட்டின் அடுத்த தொகுப்பிலேயே, ஏறும்படி. காலையில் ஆப்பைத் திறந்தால் பூஜ்யம். நெட் பிரச்சினை என்று நினைத்து மூன்று முறை ரிஃப்ரெஷ் செய்தேன். அப்புறம் எக்ஸ்ப்ளோரரில் (டிரான்ஸாக்ஷன்களை யாரும் தேடிப் பார்க்கும் தளம்) முகவரியைப் போட்டால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எவ்வளவு, எந்த நிமிடம், எந்த முகவரிக்கு. பார்க்கலாம், தொட முடியாது.

எப்படி நடந்தது என்பது இப்போது புரிகிறது. வாலட்டுக்குள் காசு இருப்பதில்லை, காசு பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில், இருக்கிறது. கருவி காப்பது சாவியை. அந்தச் சாவியின் இன்னொரு வடிவம்தான் இந்த 24 சொற்கள். 2013-ல் வந்த பிஐபி-39 என்ற முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. 24 சொல் என்றால் மிக நீளமான ஒரு தற்செயல் எண்ணும் (256 பிட்), பிழையைக் கண்டுபிடிக்க 8 பிட் சரிபார்ப்பும். அந்த எண்ணை யாராலும் ஊகிக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் அதை உருவாக்கியவனுக்கு ஊகிக்கவே வேண்டாமே! அவன் தன் வீட்டில் ஒரு வாலட் உருவாக்கி, சொற்களை அட்டையில் அச்சடித்து, மேலே வெள்ளிப் பட்டை ஒட்டி, அசல் பெட்டியில் வைத்து மறுபடி சீல் போட்டு அனுப்பியிருக்கிறான். பின் நம்பர் என் கையில் இருக்கும் கருவிக்கு மட்டும்தான் காவல். சொற்கள் தெரிந்தவனுக்கு என் கருவியே தேவையில்லை. பூட்டு அசல், சாவியின் இன்னொரு பிரதி கடைக்காரன் இடுப்பில்.

சரி, கேட்கப் போனேன். விற்றவனுக்குச் சாட் அனுப்பினால் "இந்த விற்பனையாளர் இப்போது இல்லை." நல்ல கேள்வி சார் என்று சொன்ன அந்த உரையாடலையும் காணோம். நல்லவேளை, ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

தளத்தின் கஸ்டமர் கேரில் முதலில் வந்தவர் ஆர்டர் நம்பர் கேட்டார். கொடுத்தேன். "ரிட்டர்ன் செய்ய 10 நாள்தான் சார், முடிந்துவிட்டது." நான் ரிட்டர்ன் கேட்கவில்லை, இது திருட்டு என்றேன். "பொருள் வேலை செய்கிறதா சார்?" செய்கிறது என்றேன். "அப்படியென்றால் பொருளில் குறை இல்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்." டிக்கெட் மூடப்பட்டது. இரண்டாவது டிக்கெட் போட்டேன். மறுபடி முதலிலிருந்து, மறுபடி ஆர்டர் நம்பர். 0.418 பிட்காயின் என்று எழுதினால் "அது எங்கள் தளத்தில் விற்கப்படும் பொருள் இல்லை" என்று பதில் வருகிறது. மூன்றாவதாகப் பேசிய பெண்மணி மட்டும் பொறுமையாகக் கேட்டார், "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். என்ன செய்வீர்கள் என்றேன். நல்லெண்ணத்தின் பேரில் வாலட்டின் விலையில் பாதிக்குக் கூப்பன் தருகிறார்களாம், அதுவும் அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த முறை!

தயாரிப்பாளரிடமிருந்து ஒழுங்கான பதில் வந்தது, அதனால்தான் இன்னும் வலித்தது. எங்கள் பெட்டியில் வருவது எப்போதும் காலி அட்டைதான், சொற்களை நாங்கள் அச்சடிப்பதே இல்லை, எங்களால் எதையும் திரும்ப எடுக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச்காரர்கள் "வித்ட்ராவல் உங்கள் அனுமதியோடுதான் நடந்தது" என்று முடித்துவிட்டார்கள். சைபர் கிரைமில் புகார் எழுதிக்கொண்டவர் "எந்த பேங்க் அக்கவுண்டுக்குப் போச்சு?" என்று மூன்று முறை கேட்டார். பேங்க் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்.

இது போதாதென்று, நேற்று ஒரு இடத்தில் உதவி கேட்டு நான்கு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் தனிச்செய்தி. எல்லோரும் "ரெகவரி எக்ஸ்பர்ட்" என்கிறார்கள், போன பிட்காயினை ஹேக் செய்து மீட்பார்களாம். முன்பணம் மட்டும் வேண்டுமாம். ஒருவன் என் 24 சொற்களையே கேட்டான். எடுத்துக்கொள்ளப்பா, உனக்கு முன்னால் ஒருவன் துடைத்துவிட்டான் என்று அனுப்பத் தோன்றியது. இவர்களை நம்பி இரண்டாவது முறை ஏமாறாதீர்கள். பிளாக்செயினில் பதிவாகி உறுதியான டிரான்ஸாக்ஷனை யாராலும் திருப்ப முடியாது.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரிடம் நேராக வாங்குங்கள், மூன்று வாரம் ஆனாலும். ஹோலோகிராமை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் அடிக்க யாராலும் முடியும். முதல் முறை "புதிய வாலட் உருவாக்கு" மட்டும்தான். சொற்கள் உங்கள் கண்முன்னால் கருவியின் திரையில் வர வேண்டும், அட்டையில் நீங்களே பேனாவால் எழுத வேண்டும். செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். 2023-ல் காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த ஒரு போலி வாலட், புதிதாக உருவாக்குவதுபோல் நடித்து, முன்பே வைத்திருந்த 20 சீட்களில் (சீட் என்பது இந்தச் சொற்களின் தொகுதி) ஒன்றைத்தான் காட்டியிருக்கிறது. கேட்காமல் தபாலில் "மாற்றுக் கருவி" வந்தால் குப்பையில் போடுங்கள். சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள், எந்த வலைத்தளத்திலும் டைப் செய்யாதீர்கள். சொந்தமாக ஒரு பலமான பாஸ்ஃபிரேஸும் (24 சொற்களோடு நாமே சேர்க்கும் ரகசியத் தொடர்) சேர்த்திருந்தால் என் காசு தப்பியிருக்கலாம், அதை மறந்தால் உங்களுக்கே கிடைக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போலவே அட்டைச் சொற்களைப் போட்டு இப்போது வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால், மிச்சத்தை அப்புறம் படியுங்கள். பின்னை மாற்றுவதால் பயனில்லை. இன்றைக்கே, இப்போதே, புதிய சீட் உருவாக்கிய வேறொரு வாலட்டுக்குக் காசை மாற்றிவிடுங்கள். அவன் உங்கள் குடம் நிறையக் காத்திருக்கிறான்.

இதை எழுதும் முன் அந்தத் தளத்தில் மறுபடி தேடிப் பார்த்தேன். அதே வாலட், அதே படங்கள், வேறு கடைப் பெயர், 4.7 நட்சத்திரம். புகார் செய்தேன். பத்து நிமிடத்தில் பதில்: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பெட்டியின் ஓரத்தில் அந்த வெள்ளிப் பட்டை தெரிகிறது.