சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஊராட்சியில் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்த இடம் தேவைப்பட்டது. சமுதாயக் கூடம் இருக்கும்போது வேறிடம் தேட வேண்டாம் என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டோம். சாவி டேங்க் ஆபரேட்டரிடம் இருப்பதாகச் சொன்னார். அவரோ அதைக் குடிநீர்க் குழாயின் வால்வைத் திருப்பும் கம்பியோடு ஒரே கயிற்றில் கோத்து வைத்திருந்தார். கதவைத் திறந்தபோது மேடை முழுவதும் குழாய்க் கட்டுகளும், மணமகள் அறையில் கட்டிதட்டிப்போன சிமெண்டு மூட்டைகளும் கிடந்தன. நுழைவாயில் சுவரில் ‘வாடகை ரூ.’ என்ற எழுத்து மட்டும் மிஞ்சி, தொகை இருந்த இடம் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டிருந்தது. முகாமைப் பள்ளிக்கூட வராந்தாவில் நடத்தினோம்.

பொதுப்பணத்தில் கட்டிய கூடத்தை நிர்வகிக்கத் தமிழகத்தில் நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன: ஊராட்சியோ நகராட்சியோ நேரடியாக நடத்துவது, ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு போன்ற உள்ளூர் அமைப்பிடம் ஒப்படைப்பது. எது மேல் என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் ‘எதில் வருமானம் அதிகம்’ என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறது. முகூர்த்தம் இல்லாத சாதாரண நாளில் சாதாரண ஆள் உள்ளே போக முடிகிறதா, மறுக்கப்பட்டால் மறுத்தவரை எந்த மன்றத்தில் நிறுத்திக் கேட்க முடியும் என்ற இரண்டு கேள்விகளையே நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வழிக்குச் சட்டத்தின் பலம் உண்டு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து நின்று கூடத்தின் கணக்கைக் கேட்கலாம்; பதில் சொல்ல வேண்டிய தலைவரும் செயலரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என ஆண்டுக்கு நான்கு நாள் நடந்துவந்த கிராம சபை, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறானது. ஆனால், இந்தப் பலம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருப்பதைச் சார்ந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அப்போது பிரிக்கப்பட்டிருந்த மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை நடக்கவில்லை. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், மன்றத்துக்குப் பதிலாக நிர்வகிக்கும் தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள். ஒன்றியத்தின் பல ஊராட்சிகளை ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்ளும் அலுவலருக்கு எங்கள் கூடத்தின் மணமகள் அறையில் சிமெண்டு கிடப்பது எப்படித் தெரியும்?

நேரடி நிர்வாகத்தின் இன்னொரு குறை, பராமரிப்பதற்கென்று ஆள் இல்லாதது. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகம் கட்டப்பட்டது. கட்டடத்துக்கு நிதி வந்த வேகத்தில் தினமும் திறந்து வைக்க ஆளுக்கான ஏற்பாடு வரவில்லை; பல ஊர்களில் அவை பூட்டியே கிடந்து, 2021-க்குப் பின் அண்ணா பெயரிலேயே அதே திட்டம் இரண்டாம் கட்டமாகத் திரும்ப வந்தபோதுதான் செப்பனிடப்பட்டன. கட்டுவதற்குத் திட்டம் இருக்கும், திறப்பதற்கு இருக்காது என்பது நம் ஊர்ப் பொதுக் கட்டடங்களுக்கெல்லாம் பொதுவான ஜாதகம்.

இரண்டாவது வழியான குத்தகையில் இந்தக் குறை இல்லை. குத்தகைதாரர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்பதால் மின்விசிறி சுற்றும், கழிப்பறையில் தண்ணீர் வரும், சமையல் கொட்டகையின் அடுப்பு உடைந்தால் மறுவாரமே பூசப்படும். ஊராட்சிக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகை கைக்கு வந்துவிடும். சொந்த வருவாய் மிகக் குறைவாக உள்ள சிற்றூர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. எனினும் கூடம் அந்தக் கணமே கல்யாண மண்டபம் ஆகிவிடுகிறது. அறிவிப்புப் பலகையில் உள்ள வாடகை ஒன்று. மின்கட்டணம், துப்புரவுக் கூலி, ஜெனரேட்டர் டீசல், பாத்திர வாடகை எல்லாம் சேர்ந்து கடைசியில் கட்டுவது வேறொன்று. பந்தல்காரரும் சமையல்காரரும் அவர் காட்டும் ஆளாகத்தான் இருக்க வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஏழை வீட்டுக் காதுகுத்துக்கு இடம் கிடைப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கூடம் காலியாகக் கிடந்தாலும், மாணவர்கள் உட்கார்ந்து படிக்க விளக்கைப் போட்டால் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்பார். என் இரண்டாவது கேள்வியில் குத்தகை முழுவதுமாகத் தோற்கிறது. குத்தகைதாரர் கிராம சபைக்கு வந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. தலைவரோ ‘அதுதான் ஏலம் விட்டாச்சே’ என்று முடித்துக்கொள்வார். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் குத்தகை ஒப்பந்தத்தை வாங்கிவிடலாம். குத்தகைதாரர் கையில் இருக்கும் முன்பதிவு நோட்டைக் கேட்டால், அது ஊராட்சியின் ஆவணம் இல்லை என்று கைவிரிப்பார்கள்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது கேரளத்தைப் பார்க்காமல் முடியாது. சென்னை மாகாணத்தில் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்துவரியோடு நூலக வரியை வசூலித்து, அரசே நூலகம் நடத்துவது நம் முறை. கேரளத்திலும் பின்னர் அதற்கான வரி வந்தது என்றாலும், அங்கே 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் வழியில், ஊரார் சந்தா கட்டி உறுப்பினராகி, அவர்களே தேர்ந்தெடுக்கும் குழு வாசகசாலையை நடத்துகிறது. நூலகக் கவுன்சில் தரம் பார்த்து மானியம் தருகிறது. விளைவாக, மாலையில் கதவு திறப்பது ஊரின் பழக்கமாகவே ஆகி, அதே கட்டடத்தில் கூட்டம், வகுப்பு, ஓணப் போட்டி எல்லாம் நடக்கின்றன. கட்டடம் அரசுடையது என்று நாம் ஒதுங்கி நிற்க, அவர்கள் அதைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள்.

நம்மிடம் அப்படி வேர்விட்ட அமைப்பு எது என்று கேட்டால், 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களையே சொல்லத் தோன்றுகிறது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கு வரவு செலவுப் பதிவேடு எழுதும் பழக்கம் உண்டு. மாதக் கூட்டம் தவறாது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளி மணி அடிப்பதற்குள் சமைத்து முடிப்பவர்கள் இந்தக் குழுப் பெண்கள்தான். நேரத்துக்குக் கதவைத் திறக்க அவர்களால் முடியுமா என்ற ஐயத்துக்கு இதற்கு மேல் விடை வேண்டியதில்லை. கூடத்தின் வாடகையில் ஒரு பங்கு கூட்டமைப்புக்கும் மீதி பராமரிப்புக்கும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், அரசுச் சம்பளத்தில் ஆள் போடாமலேயே கதவு திறந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் குழுக்களிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். உள்ளூர் அமைப்பு என்றால் உள்ளூரின் சாதியும் கூடவே வரும். பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924-இலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களுக்கு அதே உரிமையை உறுதி செய்தது. அப்படியிருந்தும் பல ஊர்களில் ஊருக்கு ஒரு கூடம், காலனிக்கு ஆதிதிராவிடர் நலத்துறை கட்டிய இன்னொரு கூடம் என்று இரண்டு நிற்கின்றன. காலனிக்குத் தனியாக வசதி செய்துகொடுத்தது நல்ல எண்ணத்தில்தான். ஆனால், ‘உங்களுக்குத்தான் அங்கே இருக்கிறதே’ என்று ஊர்க் கூடத்தில் சொல்லி அனுப்புவதற்கு அது வசதியான பதிலாகிவிட்டது. வெளிப்படையாக மறுக்கும் தேவையே எழாததால், சட்டம் நுழைவதற்கும் இடம் கிடைப்பதில்லை. 1998-இல் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட சமத்துவபுரத்தில், எல்லாச் சாதியினருக்கும் சேர்த்து நூறு வீடுகளும் ஒரே சமுதாயக் கூடமும் என்று திட்டமிட்டது இதை உணர்ந்துதான். ஆகவே, ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் ஊராட்சியில், இரு பக்கப் பெண்களும் சம எண்ணிக்கையில் நிர்வாகத்தில் இல்லாத கூட்டமைப்பிடம் சாவியைக் கொடுப்பதைவிட, மெத்தனமாக இருந்தாலும் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டிய அரசு ஊழியரிடம் இருப்பதே மேல் என்பது என் முடிவு.

நகரத்தில் கணக்கு சற்று வேறு. சென்னை மாநகராட்சி தன் சமுதாய நலக்கூடங்களுக்கு இணையவழி முன்பதிவு வைத்திருக்கிறது. எந்த நாள் காலி, வாடகை எவ்வளவு என்பது திரையிலேயே தெரிந்துவிடுவதால், நேரடி நிர்வாகத்தின் பாதி நோய் அங்கே குறைகிறது. மறுப்பைக் கேட்கும் மன்றம்தான் இன்னும் இளசாக இருக்கிறது. நகர்ப்புறங்களில் பகுதி சபை 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடியது. கிராம சபை அளவுக்கு அதைத் தங்கள் சபையாக மக்கள் நினைக்க நாளாகும்.

எங்கள் ஊராட்சிக்கு நான் மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன், கட்டடமும் வாடகை நிர்ணயமும் ஊராட்சியிடமே இருக்கும் என்ற நிபந்தனையோடு. அடுத்த கிராம சபைக்கு எழுதி வைத்திருக்கும் தீர்மானத்தில், வாரத்தில் மூன்று மாலை வாடகையின்றிப் படிப்புக்கும் கூட்டத்துக்கும் திறப்பது, கூட்டமைப்பின் நிர்வாகத்தில் காலனிப் பெண்கள் பாதிப்பேர் இருப்பது, முன்பதிவு நோட்டை ஒவ்வொரு கிராம சபையிலும் மேசைமீது வைப்பது ஆகியவை உள்ளன. சுண்ணாம்பு பூசி மறைத்த இடத்தில் வாடகைத் தொகையை மறுபடியும் பெயிண்டில் எழுத வேண்டும் என்பதை முதல் வரியாகச் சேர்த்திருக்கிறேன். எங்கள் கிராம சபைக்கான குறைந்தபட்ச வருகை நூறு பேர், அந்த நூறு பேரைக் கூட்டி வரும் வேலையைக் கூட்டமைப்புப் பெண்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.