எஸ்.சி.எல்.சி.யா, எஸ்.என்.சி.சி.யா?

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் இந்த இரண்டு அமைப்புகளுமே பெரிய பெயர்கள். 1957-இல் தொடங்கிய எஸ்.சி.எல்.சி. (தெற்கத்திய கிறிஸ்தவத் தலைமை மாநாடு) மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான போதகர்களின் அமைப்பு. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் போல ஓர் ஊரைப் பிடித்து ஊர்வலம், கைது, கேமரா என்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைப்பார்கள்.

எஸ்.என்.சி.சி. (வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு) மாணவர்களுடையது, 1960-இல் அவர்களைக் கூட்டிச் சேர்த்தவர் உரிமைப் போராளி எலா பேக்கர். மிசிசிப்பி கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி வாக்காளர் பதிவுக்கு ஆள் திரட்டினார்கள். பருத்தித் தோட்டத்தில் உழைத்த ஃபேனி லூ ஹேமர் அப்படி வந்தவர்தான். 1962-இல் பதிவு செய்யப் போனார். மாநில அரசியல் சட்டத்துக்கு விளக்கம் எழுதச் சொல்லிச் சோதித்து, பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கே தோட்டத்தை விட்டும் துரத்தினார்கள். அப்புறம் அவரே அந்த அமைப்பின் களப்பணியாளர் ஆனார்.

சரி, எது மேல்? ஆளை உருவாக்குவதில் மாணவர்கள்தான். ஆனால் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு, அலபாமாவின் செல்மா ஊரிலிருந்து எஸ்.சி.எல்.சி. நடத்திய ஊர்வலமும் கேமராவும் தேவைப்பட்டன. அதே செல்மாவில் 1963 முதலே வேலை பார்த்தவர்களும் மாணவர்கள்தான்.