பழைய ஃபோர் பை ஃபோர் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

போன நவம்பர் மழையில், ஏற்காட்டில் நாகலூரைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில் என் பழைய மஹிந்திரா தார் வண்டி மாட்டிக்கொண்டது. நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் ஃபோர் லோ போட்டிருந்தேன். மீட்டர் போர்டில் ஃபோர் வீல் லைட் பளிச்சென்று எரிந்தது. பின் சக்கரங்கள் செம்மண்ணை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் காப்பி மூட்டை ஏற்றும் பிக்கப் டிரைவர் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "சார், முன்னாடி ஷாஃப்ட்டே இல்லீங்களே" என்றார்.

நானும் படுத்துப் பார்த்தேன். முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் அந்த ஷாஃப்ட் மாட்ட வேண்டிய இடத்தில் நாலு ஓட்டையோடு ஒரு வட்டத் தட்டு மட்டும் இருந்தது. அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். கிரீஸ் கறைகூட இல்லை, துடைத்துவிட்டு அடித்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்த தவறு இல்லை என்பது அந்தப் பெயின்டைப் பார்த்த நொடியே புரிந்தது.

சேலத்தில் இப்போது நிறையப் பேர் இந்த மாதிரி வண்டி தேடுகிறார்கள். அதனால்தான் முழுக்கதையையும் எழுதுகிறேன். விற்றவர் பெயரையும், பிறகு வண்டியை மாற்றிக் கொடுத்த பட்டறை பெயரையும் போடவில்லை. அந்த விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

என் தேவை எளிமையானது. வாரத்தில் ஐந்து நாள் அழகாபுரத்திலிருந்து ஆபீஸ், சனி ஞாயிறு மலை. ஏற்காடு மெயின் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அதற்கு ஃபோர் பை ஃபோர் தேவையே இல்லை, எந்தக் காரும் ஏறும். எங்களுக்குக் கஷ்டம் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான். காப்பி பழம் பறிக்கிற மாதங்களில் அந்தப் பாதை வழுக்குப் பாறை மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஜிப்ஸிதான் பார்த்தேன். 1298 சிசி பெட்ரோல், எடை குறைவு, சேற்றில் லேசாக ஏறிப் போகும். ஆனால் நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். இடுப்பு வலி உள்ள அம்மாவைத் தினமும் அதில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. 2020 அக்டோபரில் வந்த புது மஹிந்திரா தார் பட்ஜெட்டுக்கு மேலே. கடைசியில் அதற்கு முந்தைய தார், சிஆர்டிஇ என்ற டீசல் இன்ஜின் வண்டி என்று முடிவு செய்தேன். 2498 சிசி, 105 குதிரைத்திறன். பின்னால் பட்டை என்றாலும், முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். தினசரி ஓட்டத்துக்கும் மலைக்கும் இது சரிவரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. கோளாறு வண்டியின் ரகத்தில் இல்லை.

பைபாஸ் ஓரம் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் ஒன்று நின்றது. இரண்டாவது ஓனர், மீட்டரில் 68 ஆயிரம் கிலோமீட்டர், விலை 6 லட்சத்து 40 ஆயிரம். ஓட்டிப் பார்த்தபோது ஃபோர் பை ஃபோர் போட்டுக் காட்டச் சொன்னேன். விற்றவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், ரோட்டுல போடவே கூடாதுங்க. கியர் பாக்ஸ் போயிரும். நிறுத்தி வச்சுப் போட்டுக் காட்டறேன், லைட் வருதான்னு பாருங்க." போட்டார், லைட் வந்தது.

அவர் சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. இந்த வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும், சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நேராகப் பூட்டிவிடும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். மண்ணில் டயர் லேசாகச் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். ரோட்டில் டயர் சறுக்காது, அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் இறங்கும். ஆகவே காய்ந்த ரோட்டில் போடக் கூடாது என்பது நல்ல மெக்கானிக் யாரும் சொல்கிற விஷயம். அந்த நல்ல விஷயத்தை வைத்தே என் வாயை அடைத்தார். விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.

அந்த லைட்டை மட்டும் நம்பாதீர்கள். லீவர் நகர்ந்தது, டிரான்ஸ்பர் கேஸுக்குள் ஸ்விட்ச் அமுங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அங்கிருந்து சக்தி முன் அச்சுக்குப் போகிறதா என்பது அந்த லைட்டுக்குத் தெரியாது.

ஷாஃப்டை ஏன் கழற்றினார்கள் என்பது முன் அச்சில் உள்ள டிஃப்ரன்ஷியலின் ஆயிலை இறக்கியபோது தெரிந்தது. ஆயில் முழுக்க ஜிகினாத் தூள் மாதிரி இரும்புத் துகள். அதற்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியரின் பல் தேய்ந்து, இரண்டு பல் உடைந்தும் இருந்தது. ஷாஃப்ட் இருந்தால் ஓடும்போது சத்தம் கூடும், வாங்க வருகிறவர் கேட்டுவிடுவார். கழற்றிவிட்டால் பின் சக்கர வண்டியாக அமைதியாக ஓடும். கிரவுன் பினியன் செட், பேரிங், பழைய ஷாஃப்ட் ஒன்று தேடிப் பிடித்தது, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 83 ஆயிரம் ஆயிற்று. அப்புறம் நம்பர் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டேன். நான் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே வண்டி 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்கும் முன் அரைமணி நேரம் செலவழித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "பார்த்துத்தானே சார் வாங்குனீங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

இதைவிட எனக்கு மனசு ஆறாதது அடுத்த விஷயம். வண்டி எடுத்த கையோடு, ஆல்டர் பண்ண ஒரு பட்டறையை அதே ஆள்தான் காட்டிவிட்டார். அங்கே வண்டியை உயர்த்தும் 'இரண்டு அங்குல லிஃப்ட் கிட்' என்று 46 ஆயிரம் பில் போட்டார்கள். மழையில் மாட்டிய பிறகு வேறு மெக்கானிக்கிடம் காட்டினால், முன்னால் ஒரு புதுப் பாகம்கூட இல்லை. டார்ஷன் பார் போல்ட்டை முடிந்தவரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கியிருக்கிறார்கள். பின்னால் பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாக மாற்றியிருக்கிறார்கள். பார்வைக்கு வண்டி உயரமாக நிற்கும். ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. பள்ளத்தில் டயர் அந்தரத்தில் தொங்கும். சக்கரம் இறங்கும் எல்லையில் சஸ்பென்ஷன் டக்கென்று முட்டி அடிக்கும். அம்மா ஒரு வாரத்திலேயே "இதுல என்னால உட்கார முடியலப்பா" என்றாள். நான் புது ஸ்பிரிங், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சின் கோணம் கூடிப் போனதால் மூவாயிரம் கிலோமீட்டருக்குள் அச்சு மடங்கும் இடத்தில் உள்ள சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து, திரும்பும்போதெல்லாம் கடகட என்று சத்தம்.

டயர் விஷயமும் அப்படித்தான். கம்பெனி அளவு 235/70 ஆர்16. இவர்கள் 265/75 ஆர்16 மட் டயர் போட்டார்கள். விட்டத்தில் சுமார் 68 மி.மீ. கூடும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65க்கு மேல் ஓடும். அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் மட் டயரின் பெரிய கட்டைகள் ஈர ரோட்டில் பிடிப்பதில்லை. மழையில் மலை இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் அடித்தேன், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் அம்மா இருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போதும், கம்பெனி அளவிலேயே. சேற்றில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் அதுவே நன்றாகப் பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும், கையில் ஒரு சின்ன கம்ப்ரெஸர் இருந்தால் நிம்மதி.

வண்டியை ரேம்பில் ஏற்றி இரண்டு நாள் அடியில் நின்று வேலை பார்த்தவர்கள் அந்த பட்டறைக்காரர்கள். ஷாஃப்ட் இல்லாதது அவர்கள் கண்ணில் படாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மலைப் பாதையில் போகப் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தேன்.

முன்னால் புல் பார் என்கிற இரும்பு பம்பரும் மாட்டச் சொன்னார்கள், அதை மட்டும் மறுத்துவிட்டேன். புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட விதிக்கலாம். மாட்டிவிடும் பட்டறை இதைச் சொல்வதில்லை.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு. தார் என்ற பெயர் இருந்தாலே ஃபோர் பை ஃபோர் என்று நினைக்காதீர்கள். பழையதில் டூ வீல் டிரைவ் உண்டு, புது மாடலிலும் 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இயங்கும் வண்டி வருகிறது. ஒரு சாக்கு விரித்து அடியில் படுங்கள். நடுவில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட், இரண்டும் இருக்க வேண்டும். அடிப்பக்கம் புதுப் பெயின்ட் தெரிந்தால் எதற்கு என்று கேளுங்கள். பிறகு மனை போட்டு வைத்திருக்கிற ஏதாவது மண் தரைக்குக் கொண்டுபோய், ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இயக்கம் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். முன்பக்கம் திமிறி இழுக்கும், திருப்பம் கனமாகும். டூ வீலுக்கு மாற்றினால் லேசாகிவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிப்ஸி என்றால் முன் சக்கர ஹப்பைக் கையால் லாக் செய்துவிட்டுப் பாருங்கள். மண் தரைக்கு வர மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அந்தப் பதிலே உங்களுக்குப் போதும்.

பணம் கொடுக்கும்போது டெலிவரி நோட்டில் கிலோமீட்டரையும், 'ஃபோர் பை ஃபோர் இயங்குகிறது' என்ற வரியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு அந்த வரி இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரத்தில் அது இருந்தது, அதையும் பில்களையும் வைத்துத்தான் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

போன வாரம் அந்த கன்சல்டிங் வழியாகப் போனேன். இன்னொரு வெள்ளை தார் வாசலில் நின்றது. பெரிய மட் டயர், முன்பக்கம் தூக்கலாக. 'ஃபோர் பை ஃபோர், மலைக்கு ரெடி' என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பைபாஸில் அந்த வண்டியைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருதரம் அடியில் படுத்துப் பாருங்கள்.