மழைக்கால ஏலக்காய் ஸ்டோருக்கு 12 வோல்ட் டீசல் பர்னர்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டியோடு வருகிற வயரை அப்படியே போட்டு ஓட்டாதீர்கள். இரவில் ஸ்டோரை, அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் எங்கே படுக்கிறார் என்று பார்க்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். இந்த இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏலத்தோட்டம் கேரள மலையில் வண்டன்மேடு பக்கம். வீடு கீழே தமிழ்நாட்டுக் கம்பத்தில். காய் எடுக்கிறவர்கள் காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வந்து சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். ஸ்டோர் பழைய முறையில் கட்டியது. வெளியே அடுப்பு, உள்ளே தரையோடு போகிற இரும்புப் புகைக் குழாய், அதன் மேல் காய் பரப்பும் தட்டுகள். காற்றாடி எதுவும் கிடையாது. குழாய்ச் சூடு மேலே ஏறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு கூரைத் திறப்பு வழியாக வெளியேறும்.

காய் எடுப்பு தொடங்குவதே மழையில்தான். பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பறித்த அன்றைக்கே சூடு ஏற்றாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். புற்றடியிலோ போடியிலோ காயை ஏலம் விடும்போது மாதிரியைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். விறகு நனைந்து கிடக்கும், மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்டும் இருக்காது. 230 வோல்ட் பர்னர் பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் போன இரவுகளில் அது சும்மா நிற்பதைப் பார்த்துத்தான் பேட்டரியில் ஓடுகிற 12 வோல்ட் பர்னரைக் கோயம்புத்தூரில் போய் வாங்கினோம்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கிலோ பச்சைக்காயிலிருந்து ஏறக்குறைய 80 கிலோ தண்ணீர் போக வேண்டும். அதை ஆவியாக்க மட்டும் சுமார் 45,000 கிலோகலோரி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 8,600. சூடு துளிகூட வீணாகாது என்று வைத்தாலே ஐந்து லிட்டருக்கு மேல் ஆகிறது. பழைய குழாய் ஸ்டோரில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போகும், அதனால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும். காய்ந்த விறகு கையில் இருக்கிற நாளில் டீசல் எரிப்பது கட்டுப்படியாகாது. மழை விடாத நாட்களுக்கு என்று வைத்துக்கொண்டால் காய் வீணாகாமல் காப்பாற்றுகிறது, அந்தக் கணக்கில் போட்ட காசு சரிதான்.

பர்னரின் வேலைத்தரம் நன்றாக இருக்கிறது. ஒரே மோட்டார் ஒரு பக்கம் காற்றாடியையும் மறுபக்கம் டீசல் பம்பையும் சுழற்றுகிறது. பம்ப் டீசலை அழுத்தி நாசில் வழியாகப் புகைபோலத் தூவும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே பாயும் தீப்பொறி அதைப் பற்ற வைக்கும். தீ பிடித்ததா என்று ஒரு ஒளிக்கண் பார்த்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட விநாடிக்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிடும். சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்கும்படி தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறோம். விறகு அடுப்பில் இவ்வளவு சீரான சூட்டை நான் பார்த்ததில்லை. காய் வெடிப்பதும் குறைந்திருக்கிறது.

இப்போது வயர் விஷயம். பேட்டரியை அடுப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். அதனால் எங்கள் பேட்டரி தனித் திண்ணையில், பர்னரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டியோடு வந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பொருத்த வந்த தம்பி கூடலூர்க்காரர், ஜீப் வயரிங்கிலேயே வளர்ந்தவர். வயரைக் கையில் எடுத்ததுமே, "அக்கா, இது வீட்டு பல்புக்கு ஆகும், இதுக்கு ஆகாது" என்றார். சொன்னதோடு விடவில்லை, அந்த வயரிலேயே ஓட்டி மீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரி முனையில் 12.4 வோல்ட். பர்னர் முனையில் 10.6.

காரணம் எளிது. வீட்டுக் கரண்டில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாக இழுக்கிற வேலைக்கு இங்கே 12 ஆம்பியர் இழுக்கிறது. போக வர இருபது மீட்டர் மெல்லிய செம்பில் 1.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. 230-ல் 1.8 போனால் யாருக்கும் தெரியாது. 12-ல் போனால் மோட்டார் தளர்ந்துவிடும். அப்போது நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். பம்பில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த ஒரு வால்வு இருப்பதால் டீசல் ஏறக்குறைய அதே அளவில் வந்துகொண்டிருக்கும். காற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை, சுற்று குறைந்தால் காற்றும் குறையும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியச் சுமார் பத்து கன மீட்டர் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரும்புகை, குழாய்க்குள் கரி, கூடவே கார்பன் மோனாக்சைடு. அன்றைக்குப் புகைபோக்கி வாயில் வந்த கரும்புகையை நானே நின்று பார்த்தேன். 10 சதுர மில்லிமீட்டர் வயர் மாற்றிய பிறகு இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்தது, புகை கண்ணுக்கே தெரியவில்லை. பர்னரில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மூடியைத் தொடவே இல்லை. வயர் கம்பியை முறுக்கிக் கட்டாமல் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து நசுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஆளை அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி வயரையே பழுக்க வைத்துவிடும். பற்ற வைக்கும் கம்பிகளில் பத்தாயிரம் வோல்ட்டுக்குக் குறையாது. மூடியைத் திறக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றி இன்னொன்று. 150 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். பாதி என்றால் 75, 12 ஆம்பியர் இழுத்தபடி விடாமல் எரிந்தால் ஆறு மணி நேரம். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிப்பதால் இரவு தாங்குகிறது. காய் உலர ஒரு பகலும் இரவும் ஆகும், நடுவே கரண்ட் வந்து சார்ஜ் ஏறினால்தான் தொடர முடியும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. கேட்டும் சரியான பதில் வரவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் மழைக்காலத்தில் அடுப்பை ஒட்டிய மூலையில்தான் படுப்பார். இந்த மலைக் குளிரில் எல்லா ஸ்டோரிலும் அப்படித்தான். விறகுப் புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து வெளியே போய்விடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. பர்னர் வைத்த அன்றே அவருடைய கட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். அடுப்பு அறைச் சுவரில் மூட முடியாதபடி கம்பி வலைத் திறப்பு வைத்தோம், பழைய இரும்புக் குழாயில் ஓட்டை விழுந்த துண்டுகளை மாற்றினோம், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டினோம். "குளிருது தாயி, பழைய இடமே நல்லாருக்கு" என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளி கூடுதலாகக் கொடுத்தோம், இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயில் ஓட்டை இருந்தால் காய்க்கும் டீசல் வாடை ஏறும், ஏலத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். ஆள்தான் முதலில்.

அடுத்தது அந்தச் சிவப்புப் பொத்தான். தீ பிடிக்காமல் பர்னர் பூட்டிக்கொண்டால் அதை அமுக்கித்தான் மறுபடி ஓட்ட வேண்டும். "மூணு வாட்டி அமுக்கினா பிடிச்சிரும்" என்று ஒரு பேச்சு தோட்டங்களில் இருக்கிறது. தீ பிடிக்காத ஒவ்வொரு முறையும் தூவிய டீசல் அடுப்புக்குள் தேங்கும். கடைசியில் பிடிக்கும்போது எல்லாம் சேர்ந்து டப்பென்று வெடித்துக் கதவையே தள்ளிவிடும். எங்கள் ஸ்டோரில் ஒரு முறைதான் அமுக்கலாம். அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் டீசல் வால்வை மூடிவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். இதைப் பர்னர் பக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம், பெட்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. டேங்க் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும், மழைக்காலத்தில் கட்டாயம். ஃபில்டரையும் நாசிலையும் சீசனுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். நாசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். துளை ஒரு துளி விரிந்தாலும் தூவல் கோணிப்போய் தீ ஒரு பக்கமாகச் சாயும். டீசல் இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றவும் கூடாது, அதன் பிசிறு நேராக நாசிலில் போய் உட்காரும். தீ நேராக இரும்புக் குழாயில் படாமல் அடுப்புக்குள் சூடு தாங்கும் தீச்செங்கல் வைத்துக் கட்டுங்கள். சாதாரண செங்கல் சீக்கிரமே பிளந்துவிடும்.

வாங்கும்போதே நாசில் இரண்டு, ஒளிக்கண் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கம்பத்திலும் கட்டப்பனையிலும் கடை கடையாகக் கேட்டோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாசிலின் உடம்பில் அளவும் தூவும் கோணமும் பொறித்திருக்கும், இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அதைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டால் போனிலேயே சொல்லி பஸ் பார்சலில் வரவழைக்கலாம்.