உலோகம் கிடக்கும் இடத்தில் எந்தக் கருவி தாங்கும்?

குடலையோ பித்தப்பையையோ எடுக்கும் அறுவை சிகிச்சையில் பாதி வேலை முடிவதற்குள்ளேயே வயிற்றுக்குள் உலோகம் சேர்ந்துவிடுகிறது. குழாய்க்குப் போட்ட டைட்டானியம் கிளிப் ஒரு பக்கம், குடலை இணைத்த ஸ்டேப்பிள் வரிசை ஒரு பக்கம். பழைய மாற்று இடுப்பு மூட்டைத் திரும்பத் திறக்கும்போது கேட்கவே வேண்டாம், கை போகும் இடமெல்லாம் உலோகம்தான். திசுவைச் சூட்டால் வெட்டி ரத்தக்குழாயை அடைக்கும் அறுவைக் கருவிகளை ஒப்பிடும் கையேடுகள் எது எத்தனை மில்லிமீட்டர் ரத்தக்குழாயை அடைக்கும் என்றுதான் பேசுகின்றன. நான் பார்ப்பது வேறு: உலோகத்தில் பட்டால் எது எப்படிக் கெடுகிறது, கெட்டது நமக்கு உடனே தெரிகிறதா?

முதலில் ஹார்மோனிக் போன்ற அல்ட்ராசோனிக் கத்தி. வினாடிக்கு சுமார் 55,500 முறை அதிரும் டைட்டானியம் கலவைக் கம்பி இது. நுனி அசைவது 50 முதல் 100 மைக்ரான் அளவுதான், ஆனால் அந்த வேகத்தில் ஒரு ஸ்டேப்பிளை உரசினால் போதும், கம்பியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதிர்வின் அழுத்தம் முழுவதும் அந்தக் கீறலில் குவிந்து விரிசலாகும். சில சமயம் நுனியே உடைந்து வயிற்றுக்குள் விழும். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துத் தேட வேண்டும். இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: கம்பியின் இயல்பான அதிர்வெண் மாறியதை, கருவிக்கு மின்சாரம் தரும் பெட்டியான ஜெனரேட்டர் கவனித்துவிடும், பிழை காட்டி நின்றுவிடும். கருவி கெடுவது வெளிப்படையாகவே தெரியும். இன்னொரு நல்ல விஷயம், நோயாளியின் உடல் வழியாக மின்சாரம் ஓடுவதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், வேறு இடத்தில் உலோகத் தகடு உள்ளவருக்கும் இது நிம்மதியான தேர்வு. ஆகவே, உலோகம் தூரத்தில் இருந்தால் இதுவே முதலிடம்; வெட்டும் இடத்திலேயே இருந்தால் கடைசி இடம்.

லிகாஷ்யூர், என்சீல் வகை மேம்பட்ட பைபோலார் கருவிகளின் கதை கொஞ்சம் சிக்கலானது. மின்சாரம் இரண்டு தாடைகளுக்கு இடையே மட்டும் ஓடுகிறது. நடுவில் உள்ள திசுவின் மின்மறுப்பை, அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை, ஜெனரேட்டர் தொடர்ந்து அளந்து, திசு வெந்து ஒட்டியதும் தானே நிறுத்துகிறது. 7 மில்லிமீட்டர் வரையுள்ள குழாய்களை இப்படி அடைக்கலாம். தாடைகள் நடுவே ஒரு கிளிப் முழுசாக மாட்டினால் மின்மறுப்பு தரைமட்டத்துக்கு இறங்கும். ஷார்ட் சர்க்யூட் என்று கருவி எச்சரித்துவிடும். இதில் பெரிய பயம் இல்லை. பயம் அரைகுறையாக மாட்டும்போதுதான். ஒரு ஸ்டேப்பிளின் கால் மட்டும் ஓரமாக உள்ளே வந்தால், மின்சாரத்தில் ஒரு பங்கு உலோகத்தின் வழியே குறுக்கே ஓடிவிடும். அளவுகள் ஏறத்தாழ சரியாகத் தெரிந்து சுழற்சி முடிந்ததாக மணி அடிக்கவும் வாய்ப்புண்டு. அந்த ஸ்டேப்பிளின் பக்கத்துத் திசு மட்டும் சரியாக ஒட்டியிருக்காது. அதை நம்பி வெட்டினால் ரத்தம்தான் பதில் சொல்லும்.

கருவிக்கு ஆகும் சேதமும் இங்கே மெதுவாகத்தான் தெரியவரும். தாடைகள் மூடும்போது இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். அந்த இடைவெளியைக் காக்கும் குட்டிக் காப்புப் புள்ளிகளைக் கிளிப் நசுக்கிவிடலாம். தீப்பொறியில் தாடைப்பரப்பு குழிவிழும், உள்ளே ஓடும் கத்தி மழுங்கும். குழிவிழுந்த பரப்பில் திசு ஒட்டிக்கொள்ளும், அடுத்த அடைப்புகள் எல்லாம் சுமாராகும். வடிவமைப்பாளர்கள் இதற்கு இரண்டு வழிகளில் போகிறார்கள். ஒன்று, மின்மறுப்பு திடீரென்று விழுவதைப் பிடித்து மின்சாரத்தை வெட்டும் மென்பொருள். மற்றொன்று, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் கூட்டிக்கொள்ளும் பொருளால் செய்த தாடை. எந்த இடம் அதிகம் சூடாகிறதோ அங்கே மட்டும் மின்சாரம் தானாக அடங்கும். மென்பொருள் முழுத் தாடைக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கிறது. பொருளோ இடத்துக்கு இடம் முடிவு எடுக்கிறது. அரைகுறை மாட்டலுக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

பழைய மோனோபோலார் காட்டரிக்கு வருவோம். 1926இல் போஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் குஷிங்கும் கருவியை உருவாக்கிய போவியும் அறுவை அறைக்குள் கொண்டுவந்த அதே அடிப்படைதான். நுனியிலிருந்து உடல் வழியாக ஓடி, தோலில் ஒட்டியிருக்கும் தகட்டில் மின்சாரம் வெளியேறும். உலோகத்தில் பட்டால் பொறி பறக்கும், நுனி கருகும். அதனாலென்ன, நுனி மலிவு, மாற்றிவிடலாம். கருவிக்கு இவ்வளவு குறைந்த நஷ்டம் வேறெதிலும் இல்லை. நஷ்டம் முழுவதும் நோயாளி பக்கம். கிளிப்பைத் தொட்டால் சூடு கிளிப் வழியாக அதன் அடியிலுள்ள திசுவுக்குப் போகும். பித்தநாளத்தின் முனை அன்றைக்கு நன்றாகவே இருக்கும், சில நாள் கழித்துக் கசியலாம். மாற்று இடுப்பின் கழுத்தைத் தொட்டால் பொறி அந்த இடத்தை உருக்கி ஒரு சிறு வடுவை விடும். டைட்டானியம் உருகுவது 1668 டிகிரியில் என்றாலும் மின்பொறிக்கு அது பெரிய விஷயமில்லை. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் சுமை ஏறி இறங்கும் பாகத்தில் அந்த வடுவே விரிசலின் தொடக்கமாகலாம். இப்படி வருடங்கள் கழித்து உடைந்த மாற்று இடுப்புத் தண்டுகள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. திசுவை வெட்டும் கட் முறையைவிட, ரத்தத்தை உறையவைக்கும் கோயாகுலேஷன் முறையில் மின்னழுத்தத்தின் உச்சம் அதிகம், பொறியும் தூரம் பாயும். உலோகத்துக்கு அருகே இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்கான் வாயு வழியே மின்சாரத்தைப் பாய்ச்சும் ஆர்கான் பிளாஸ்மா, திசுவைத் தொடாமல் வேலை செய்வதால் பாதுகாப்பு என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் உணவுக்குழாயை விரித்துவைக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட்டை வெட்டி நீளம் குறைக்க எண்டோஸ்கோப்பி செய்பவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதே இதைத்தான். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கருவியை விட்டுவிட்டு உலோகத்தையே மாற்றினால்? பாலிமர் கிளிப் மின்சாரத்தைக் கடத்தாது, தாடைகளைப் பொறியால் குழிக்காது. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் 165–175 டிகிரியில் உருகும் வகை, சூடான தாடையும் அல்ட்ராசோனிக் நுனியும் அதன்மேல் படக்கூடாது. உறுப்பு தானம் செய்பவரின் சிறுநீரகத் தமனிக்கு லேப்ராஸ்கோப்பியில் இதைப் போடக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரித்திருப்பதையும் மறக்க வேண்டாம். நூல் முடிச்சில் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை, நேரம்தான் பிடிக்கும்.

என் தேர்வு இதுதான். ஸ்டேப்பிள் வரிசையில் ரத்தம் கசிந்தால் விலையுயர்ந்த கருவி எதையும் எடுக்க மாட்டேன். சாதாரண பைபோலார் ஃபோர்செப்ஸில் குறைந்த சக்தியில் சின்னச் சின்னத் தொடுதல், அல்லது ஒரு தையல். இரண்டு நுனியும் ஒரே ஸ்டேப்பிளைத் தொடாதவரை பிரச்சினை இல்லை, தொட்டாலும் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். வயிற்றில் பெரிய குழாய்களுக்கு மேம்பட்ட பைபோலார், ஆனால் அடைப்பு முதலில், கிளிப் கடைசியில். இந்த வரிசை மாறும்போதுதான் பாதிச் சேதம் வருகிறது. மூட்டில், உலோகம் தெரியும் வரை மோனோபோலார். தெரிந்த பிறகு மோனோபோலாரின் கைப்பிடியான பென்சிலை அதன் உறைக்குள் போட்டுவிட்டு, உப்புநீர் சொட்டும் பைபோலார் சீலரை எடுப்பது நல்லது. அதன் சூடு தண்ணீரின் கொதிநிலையைச் சுற்றியே நிற்கும், உலோகத்தை உருக்கும் பொறிக்கு அங்கே இடமில்லை.