விபத்து நஷ்டஈடு வாங்கித் தருகிறோம் என்று வார்டுக்கே வருகிறவர்களிடம் ஜாக்கிரதை: எங்கள் 42,000 ரூபாய் போய்விட்டது

அம்மாவின் பெயரில் நஷ்டஈடு வழக்கு எதுவுமே போடப்படவில்லை. இன்று காலை கோர்ட்டில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். நான் இதைத் தட்டச்சு செய்யும் நேரத்தில் எங்களை ஏமாற்றிய ஆள் வேறொரு எலும்பு முறிவு வார்டில் யாருக்காவது ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பான்.

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது அம்மா மேல் பைக் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் கைகொடுத்தது. அப்புறம் மருந்து, ஸ்கேன், வாக்கர், ஆட்டோ எல்லாம் கைக்காசுதான். அம்மா பூ கட்டி விற்பவர். கட்டுவது உட்கார்ந்த இடத்தில் என்றாலும், விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வரக் கால் வேண்டுமே.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அந்த ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். நான் அப்போது ஏ.ஆர். காப்பிக்காக (விபத்தில் அடிபட்டு வந்தவரை ஆஸ்பத்திரியில் பதியும் ரெஜிஸ்டரின் நகல்) ரெக்கார்டு அறைக்கும் போலீஸ் அவுட்போஸ்டுக்கும் மாறி மாறி அலைந்துகொண்டிருந்தேன். ‘கொடுங்க தம்பி’ என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனவன், கொஞ்ச நேரத்தில் காப்பியோடு வந்தான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. ‘இதுக்குப் போய் காசு வாங்குனா பாவம்’ என்றான். அம்மாவின் காலுக்கு அடியில் நழுவிக் கிடந்த தலையணையை எடுத்து, மாவுக்கட்டு அழுந்தாதபடி மடித்து வைத்தான். ‘இன்னொரு மகன்னு நினைச்சுக்கங்கம்மா’ என்றான். அம்மா கண் கலங்கிவிட்டார். அந்த இடத்தில்தான் நாங்கள் அவனை நம்பினோம்.

நம்பிக்கை வந்த பிறகு பயம் காட்டினான். ‘அம்மா பார்க்காம ரோட்டைத் தாண்டிட்டாங்கன்னு போலீஸ் எழுதிட்டா ஒத்தப் பைசா வராது தம்பி. நம்ம வக்கீல் இருந்தா எட்டு லட்சம் வரைக்கும் வாங்கிரலாம்.’ வருகிற பணத்தில் 30 சதவீதம் அவர்களுக்கு, அவ்வளவுதான், முன்பணம் கிடையாது என்றான்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். விபத்து க்ளெய்ம் கன்சல்டன்சி என்று போர்டு. சுவர் முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள். தெருநாய் கடித்தால் பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னதுகூட லேமினேட் செய்து மாட்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு எல்லாமே அவர்கள் ஜெயித்த கேஸ் போலத் தெரியும். அம்மாவிடம் வக்கீலை நியமிக்கும் வக்காலத்திலும், எழுதாத பத்திரத்தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

முன்பணம் இல்லை என்ற பேச்சு அதோடு சரி. கோர்ட் ஃபீஸ் என்று 8,000. ஊனத்தின் அளவைச் சொல்லும் மெடிக்கல் போர்டுக்கு என்று 22,000. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு நோட்டீஸ் அனுப்ப என்று 12,000. ஆக மொத்தம் 42,000 ரூபாய். இதில் பாதி, அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். ரசீது கேட்டதற்குக் கடையில் விற்கும் சாதா பில் புக்கில் எழுதி, எழுத்தே தெரியாத ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு போன் செய்தால் ஒரு பெண் எடுப்பார். ‘சார் கோர்ட்ல இருக்காரு.’ ‘ஜட்ஜ் லீவு சார்.’ ‘அடுத்த லோக் அதாலத்துல முடிஞ்சிரும் சார்.’ நேரில் போனால், இப்போதுதான் கிளம்பினார் என்பார்கள். வழக்கு எண்ணைக் கேட்டுக் கத்திய பிறகு ஒரு எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது விபத்து நஷ்டஈடு வழக்கு எண், வாட்ஸ்அப்பில் வந்தது. இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். நம்பர் உண்மையானதுதான். ஆனால் மனுதாரர் வேறு யாரோ! இன்று கோர்ட்டில் கேட்டபோது அம்மாவின் பெயரில் மனுவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அதே வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் வக்கீல் சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்தது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டாம். எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம், அதாவது பெரிய காயம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் கேட்கலாம். அதாவது அந்த ஆள் காட்டிய பயமே பொய். வருகிற தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்ட விஷயம்.

எல்லாவற்றையும் விட மோசம், காலக்கெடு. 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அந்த ஆறு மாதத்தை ‘சார் கோர்ட்ல இருக்காரு’ என்று சொல்லியே ஓட்டிவிட்டார்கள். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதால் மனு போட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் வக்கீல் சொல்லியிருக்கிறார். 42,000 ரூபாய் போனதற்கு நாளை போலீசில் தனிப் புகார் கொடுக்கிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வார்டுக்குத் தேடி வருகிறவனிடம் கேஸ் கொடுக்காதீர்கள், கேஸ் பிடிக்க வருவதே வக்கீல் தொழிலில் குற்றம். 15100க்கு போன் செய்யுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண். எஃப்ஐஆர் காப்பி புகார் கொடுத்தவருக்கு இலவசம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு, விட்டுவிடாதீர்கள். எழுதாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அம்மாவின் எக்ஸ்ரே ஃபிலிமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்னும் அந்த ஆபீசில்தான் இருக்கின்றன. ஒரிஜினல் எதையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.